கைக்குக் கிடைத்தது

தெல்மிஸைப் பார்த்தால் இணையதளம் நடத்துகிறவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொயோலெஸில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருக்கிறாள். முட்டை, மெழுகுவர்த்தி, போன் ரீசார்ஜ் எல்லாம் கிடைக்கும். அடுத்த கூரையின் கீழ் நான் பலேயாதா, அதாவது பயறு மசித்து வைத்து மடித்த கோதுமை ரொட்டி, சுட்டு விற்கிறேன். அவள் மகன் ஓஸ்மானுக்கு நான் ஞானத்தாய். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

தளம் ஓஸ்மான் செய்தது. ஊரில் யார் இறந்தார்கள், எத்தனை மணிக்கு அடக்கம், எந்தக் கிழமை மின்சாரம் இருக்காது, திருவிழாவில் யார் யார் ஆடினார்கள் என்று எல்லாம் அதில் வரும். சர்வரை வாடகைக்கு எடுத்து அவனே கவனித்துக்கொண்டான். பிறகு எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரையும் போல அவனும் பிழைப்புத் தேடி, காகிதம் எதுவும் இல்லாமல், வடக்கே கிளம்பினான். கிளம்புவதற்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். எனக்கோ கம்ப்யூட்டர் என்றாலே எரிச்சல். இருந்தாலும் அப்போது அவன் சொன்ன ஒன்று மட்டும் எனக்கு மறக்கவில்லை.

"வழியில போனைப் பிடுங்கிருவாங்கம்மா. ஒருத்தர் நம்பரும் எனக்கு மனப்பாடம் கிடையாது. என் கணக்குக்குள்ள போகலாம்னா, ரகசிய எண் அந்தப் பறிபோன போனுக்குத்தான் வரும். ஆனா நம்ம தளத்தோட முகவரியைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். எவன் போன்லயாவது அதைத் திறந்து எழுதுறேன். நீ அதைச் சாகவிடாம வெச்சிரு."

கடை எண்ணைத் தளத்திலேயே போட்டிருக்கலாமே என்று கேட்கிறவர் எங்கள் பக்கத்துக்காரராக இருக்க முடியாது. கடை எண் வெளியே தெரிந்தால் மறுநாளே ரவுடிக் கும்பல்கள் மாமூல் கேட்டுக் கூப்பிடுவார்கள். கொடுக்காவிட்டால் கடையும் இருக்காது, கடைக்காரியும் இருக்க மாட்டாள். ஆகவே தளத்தில் ஒரு செய்திப் பெட்டி மட்டும் இருந்தது. அதில் எழுதுவது தெல்மிஸுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். எழுதி முடித்து அனுப்பினால் திரையில் தானாகவே ஒரு வரி வரும். முதலில் அது ஏதோ அலுவலகத்து நன்றி மாதிரி வறட்டுத்தனமாக இருந்தது. அவன் எழுதும்போது தாயின் குரல் கேட்க வேண்டும் என்று அவளே அதை மாற்றி எழுதினாள். 'கைக்குக் கிடைத்தது. கடவுள் துணை.'

மெக்சிகோ எல்லை தாண்டியதும் ஒரு தடவை பேசினான். அதற்குப் பிறகு பேச்சில்லை.

அன்றிலிருந்து தெல்மிஸுக்குத் தளம்தான் பிழைப்பு, கடை சும்மா பேருக்கு. அப்டேட் வந்தால் அரிசி நிறுப்பதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள். பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுவாள். எல்லாவற்றையும் ஒரு சின்ன பென் டிரைவில் நகலெடுத்துத் தூய அந்தோணியார் சிலைக்குப் பின்னால் வைப்பாள். ஒருமுறை எவனோ உள்ளே புகுந்து, சாவு அறிவிப்புகளுக்கு நடுவே சூதாட்டக்காரிகளின் படத்தை நிரப்பிவிட்டான். பாதிரியாருக்கு மயக்கம் வராத குறை. தெல்மிஸ் அந்தோணியாருக்குப் பின்னால் இருந்த நகலை எடுத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினாள்.

இன்னொரு கவலையும் அவளைத் தின்றது. மகன் எழுதப்போவது யாரோ ஒருவரின் போனில். அவர் எவ்வளவு நேரம் பொறுப்பார்? தளம் சட்டென்று திறக்க வேண்டாமா? மலிவான ஒரு போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேய்ந்துபோகிற பாலத்தடிக்குப் போவாள். தளத்தைத் தட்டிவிட்டு 'அருள் நிறைந்த மரியே' தொடங்குவாள். ஜெபம் முடிவதற்குள் திறந்தால் திருப்தியோடு திரும்புவாள். திறக்காவிட்டால் ஊர்க்காரர்கள் பாடு திண்டாட்டம். திருவிழாப் படங்களையெல்லாம் சுருக்கினாள். தளம் திறந்ததும் தானாகப் பாடிக்கொண்டிருந்த மரிம்பா இசையைத் தூக்கி எறிந்தாள்.

"என் மூஞ்சி ஏன் தோன்யா இப்படி மங்கலா இருக்கு?" என்று கேட்டாள் தையற்காரி. பெரியவர்களான பெண்களை மரியாதையாகத் 'தோன்யா' என்பது எங்கள் வழக்கம்.

"நேர்லயும் அப்படித்தான் இருக்கு. முட்டை வேணுமா வேணாமா?"

பிள்ளைகள் வடக்கே போன மற்ற தாய்மார்களும் அந்தப் பெட்டியை நம்ப ஆரம்பித்தார்கள். யார் பிள்ளை எழுதினாலும் தெல்மிஸ் வீடு தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். அந்த வாசனை பிடித்து மோசடிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். 'அம்மா, அவசரம், பணம் அனுப்பு' என்று பெயர் தெரியாத எவனெவனோ எழுதினான். தோன்யா த்ரான்சிதோ அதை நம்பிக் கறவை மாட்டை விற்று அனுப்பினாள். பணம் போனது. மகன் இரண்டு மாதத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தான் என்று பின்னால் தெரிந்தது. அந்தக் கிழவி எங்கள் கடைவாசலில் மண்ணில் உட்கார்ந்து அழுததைப் பார்த்த அன்றுதான் தெல்மிஸ் அந்த வேலையைச் செய்தாள். 'பணம்', 'அவசரம்', 'அனுப்பு' என்ற சொற்கள் இருக்கிற செய்தி எதுவும் தன் கண்ணில் படாமல் தானாக அழிந்துபோகும்படி வைத்தாள். அழிவதை எங்கேயும் சேர்த்தும் வைக்கவில்லை. குப்பை சேர்ந்தால் தளம் மெதுவாகிவிடுமே.

ஊரே அவளை மெச்சியது. நானும்தான் மெச்சினேன். பெட்டி சுத்தமாக இருந்தது. பாலத்தடியில் ஜெபம் பாதி சொல்வதற்குள் தளம் திறந்தது. அவள் காத்திருந்தாள்.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கும். ஒரு மதியம் பினேதா வீட்டு நாஹூம் பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஓஸ்மானோடு கிளம்பிப் போனவன். பிடித்து விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஷூவில் லேஸ் இல்லை. காவலில் அடைக்கும்போதே அதையெல்லாம் உருவிவிடுவார்கள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கடைக்கு வந்து நின்றான். தெல்மிஸ் நாற்காலி போட்டாள், சோடா உடைத்துக் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை.

"தோன்யா, உங்கமேல எனக்குக் கோபம் இருக்கு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"சொல்லுப்பா. என் பிள்ளை எங்க?"

"ரயில்ல இருந்து விழுந்துட்டான். கால் போச்சு. தண்டவாளத்துக்குப் பக்கத்துல ஒரு வீட்டுக்காரம்மா எங்களை வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க. 'போதும்டா, நான் வீட்டுக்குப் போறேன்'னு சொன்னான். அந்தம்மா போனை வாங்கி, அந்த நம்பரையும் போட்டு உங்களுக்கு எழுதினான்."

"எனக்கு எதுவும் வரலையே."

"வந்துச்சு. நான் பக்கத்துலயே இருந்து பார்த்தேன். கைக்குக் கிடைத்தது, கடவுள் துணைன்னு வந்துச்சு. 'எங்க அம்மா பேசுற மாதிரியே இருக்குடா'ன்னு சிரிச்சான். பதில் வரும்னு காத்திருந்தோம். திரும்ப எழுதினான். திரும்பவும் கிடைத்ததுன்னுதான் வந்துச்சு."

தெல்மிஸ் கல்லாமேல் கையை ஊன்றிக்கொண்டாள். "என்னப்பா எழுதினான்? எந்த வார்த்தை போட்டு எழுதினான்?"

"அந்த நிலைமையில வேற என்ன எழுதுவாங்க? அம்மா, அவசரம், ஊருக்கு வரப் பணம் அனுப்புன்னுதான்."

அடுப்பில் என் ரொட்டி கருகியது. நான் எழுந்திருக்கவில்லை.

"பேரு போடலையா அவன்?"

"போட்டான், தோன்யா. முழுப் பேரும் போட்டான். நாய்க்குட்டி சுகமான்னுகூடக் கேட்டிருந்தான்."

பிறகு நடந்ததையும் அவனே சொன்னான். ஓஸ்மான் அதற்கப்புறம் எழுதவில்லையாம். 'அம்மா படிச்சாச்சு. கையில ஒண்ணும் இருக்காது, அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுப் பேசாம இருக்காங்க. இனி தொந்தரவு பண்ண வேணாம்' என்றானாம். ஊர் திரும்ப வழியில்லாமல், எல்லை தாண்டக் கிளம்பிய ஒரு கூட்டத்தின் பின்னால் ஊன்றுகோலோடு பாலைவனத்துப் பக்கம் போனான். நாஹூம் வேறு வழியில் போய் மாட்டிக்கொண்டான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். தெல்மிஸ் கத்தவில்லை. நாய்க்குச் சோறு வைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லிக்கொண்டே அப்படியே தரையில் சரிந்தாள். எனக்கு அன்று சாமிமேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

இப்போது பெட்டியில் தடை எதுவும் இல்லை. சூதாட்டம், கடன், போலி மருந்து என்று எல்லாக் குப்பையும் வந்து விழுகிறது. ஒன்றையும் அழிக்காமல் வரிவரியாகப் படிக்கிறாள். நகல் எடுப்பதையும் அப்டேட்டையும் விட்டுவிட்டாள். பாலத்தடியில் ஜெபமாலை முழுவதும் சொல்லி முடித்தாலும் தளம் திறப்பதில்லை. 'கைக்குக் கிடைத்தது' என்ற வரியையும் எடுத்துவிட்டாள். அதற்குப் பதில் 'இன்னும் கிடைக்கவில்லை மகனே, மறுபடியும் எழுது' என்று இருக்கிறது.

போன வாரம் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'அம்மா, அவசரம், பணம் அனுப்பு.' பெயர் இல்லை. நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பணம் அனுப்ப வேண்டிய ஆள் பெயர் எங்களுக்கு முன்பின் தெரியாதது.

"இது திருட்டுப்பயல் வேலை, கொமாத்ரே. த்ரான்சிதோவோட மாடு போனது மறந்துபோச்சா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அனுப்பப் போற?"

"அன்னைக்கும் இதே வார்த்தைதான் வந்துச்சு, கொமாத்ரே. நான் அனுப்பல."

கல்லாவில் இருந்ததைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பணம் அனுப்பும் கடைக்குக் கிளம்பினாள். நான் அடுப்பை அணைத்தேன். இரண்டு கடைக்கும் கதவை இழுத்துவிட்டு அவளோடு நடந்தேன்.