கனகலிங்கத்தாரும் சோப்ரோன் படலையும்

கொக்குவிலில் கனகலிங்கத்தாரைத் தெரியாதவர் குறைவு. பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதைவிடப் பெரிய உத்தியோகம் அவருக்குக் கம்யூனிஸ்ட் கட்சி. உலகம் முழுக்கச் செங்கொடியை இறக்கி மடித்து வைத்த பிறகும், எங்கள் பக்கத்து வீடான அவர் வீட்டு மதிலில் மேதினத்துக்கு ஒரு கொடி பறக்கும். மனைவி மகாதேவியோடு கோயிலுக்கும் போவார். கேட்டால், "மகாதேவிக்குக் காவலுக்குப் போறன்" என்பார். போன ஆவணியில் இருவரும் வியன்னாவிலுள்ள மகள் சாருஜாவிடம் போய்வந்தார்கள். வந்ததும் என் வீட்டில் தேத்தண்ணி குடித்தபடி மாறி மாறிச் சொன்ன கதை இது.

மருமகன் பிரணவன் நல்ல பிள்ளைதான், வாய்தான் சும்மா கிடக்காது. "மாமா, உங்கடை கட்சிக்கு முதல் ஓட்டை விழுந்த இடம் இஞ்சை கிட்டத்தான். வாங்கோ காட்டுறன்" என்று ஹங்கேரி எல்லையிலுள்ள சோப்ரோன் பட்டணத்துக்குக் காரில் ஏற்றிப் போனான். 1989 ஆவணியில் அந்த ஊருக்கு வெளியே, எல்லையில் ஒரு விருந்து வைத்து வேலியின் மரப்படலையைத் திறக்க, நூற்றுக்கணக்கான கிழக்கு ஜேர்மன்காரர் ஒஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். சில மாதங்களில் பேர்ளின் சுவரும் போயிற்று. அந்த நாட்களில் கனகலிங்கத்தார் ஒழுங்காகச் சோறு தின்னவில்லை என்று மகாதேவியக்கா சொல்வார்.

பட்டணத்தில் மனுசன் சந்தோசமாகத்தான் திரிந்தார். பழைய கல் வீதிகளைப் பார்த்தார். ஒரு கடையில் கோப்பி குடித்து, எங்கள் ஊர்க் கோப்பிக்குக் கிட்டவும் வராது என்று தீர்ப்புச் சொன்னார். வில்லங்கம் படலை இருந்த இடத்தில் தொடங்கியது. இப்போது அங்கே காவலும் இல்லை, முள்ளுக்கம்பியும் இல்லை. புல்வெளி, ஒரு பாதை, நினைவுச் சின்னம், அவ்வளவுதான். எல்லைக்கு அந்தப் பக்கம், ஒஸ்திரியாவுக்குள் போய்க் குடும்பமாக ஒரு படம் எடுப்போம் என்றாள் சாருஜா.

"நான் வரேல்லை. அவங்கள் கட்சியைக் கைவிட்டு ஓடின பாதையிலை நான் கால் வைக்கமாட்டன்."

"மாமா, காரிலை வரேக்கை உந்த எல்லையைத்தானே தாண்டினீங்கள்?"

"அது கார் தாண்டினது."

கேட்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்த ஓர் அடியை வைத்தால், இவ்வளவு காலமும் வாழ்ந்தது பிழை என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும் என்று மனுசன் உண்மையாகவே பயந்திருக்கிறார்.

மகாதேவியக்கா வாக்குவாதத்துக்கு நிற்கவில்லை. கைப்பையைத் திறந்து, அடையாள அட்டையை எடுத்துக் கையில் பிடித்தபடி தனியாக நடந்தார். அட்டை கேட்பதற்கு ஒரு குருவியும் இல்லாத புல்வெளியில்! யோசித்துச் செய்ததல்ல. தாண்டுகிற இடம் என்றால் அட்டை கையில் இருக்க வேணும். எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடிகளில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு வேறு வரிசை. முதலில் தாண்டியவர் மற்றவர் வரும்வரை நிற்க வேணும். எங்கள் சனத்தின் கைகால்கள் அப்படியே பழகிவிட்டன. அந்தப் பக்கம் போனதும் அக்கா திரும்பி, அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

சாருஜா சிரித்தாள். கனகலிங்கத்தார் சிரிக்கவில்லை. யுத்த காலத்தில் இருவரும் கொடிகாமம் போகும் வழியில், சோதனைச் சாவடி ஒன்றில் ஆமிக்காரர் எல்லோரையும் விட்டு, அவரை மட்டும் மறித்து வைத்தார்கள். அவர்கள் வந்த பஸ் போய்விட்டது. பொழுதுபடுகிற நேரம் அவர் வெளியே வந்தபோது, காலையில் தாண்டிய அதே இடத்தில் அக்கா இப்படித்தான் நின்றார். ஒரு மிடறு தண்ணிகூடக் குடித்திருக்கவில்லை.

"உவள் உதிலை நிக்கிறதை என்னாலை பார்க்கேலாது" என்றார் மருமகனிடம். சட்டைப்பையைத் தடவித் தன் அட்டையை எடுத்தார். கையில் பிடித்துக்கொண்டு விறுவிறென்று நடந்தார். கட்சி, கொள்கை ஒன்றும் அந்த நேரம் ஞாபகத்திலேயே இல்லையாம்.

அக்கா அவருடைய கையைப் பிடித்தார்.

"விட்டிட்டாங்களோ?"

"ஓம், விட்டிட்டாங்கள். வா, போவம்."