ஐந்தடிக் குழி

மின் இலாகாவில் முப்பத்தோரு வருடம் கம்பம் நட்டவர் லைன்மேன். ஓய்வு பெற்ற மறுவாரமே தன் பங்கு நிலத்துக்கு வேலி போடக் கிளம்பினார். வேலிக்கல்லுக்கு இரண்டடிக் குழி போதும். கை பழகிய அளவு விடுமா? ஐந்தடி தோண்டிவிட்டார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவிக்கு அவருடைய வழுக்கைத் தலை மட்டும்தான் தெரிந்தது.

"வேலி போடுறீங்களா, ஹைடென்ஷன் லைன் இழுக்குறீங்களா?"

லைன்மேன் குழிச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலி போடச் சொன்னது அண்ணன். நிலத்தின் குறுக்கே ஓடிய ஒற்றையடிப் பாதையில்தான் குன்றோரக் குடிசைக்காரர்கள் போய்வந்தார்கள். பால்காரம்மாவும் சைக்கிளில் இரண்டு கேனைக் கட்டி, அந்த வழியாகத்தான் பஸ்ஸைப் பிடிப்பார். அதை அடைத்தால் குன்றைச் சுற்றி நாலு மைல். வெயிலில் பால் திரிந்துவிடும். "மூணு தலைமுறையா நம்ம மண்ணு. காட்டை வெட்டித் திருத்தினவரு தாத்தா. கண்ட காலும் மிதிக்கவா?" என்றார் அண்ணன். லைன்மேனும் தலையாட்டியவர்தான்.

இப்போது அந்தச் சுவர் வேறு கதை சொன்னது. மேலே ஒரு சாண் உழவு மண். அதற்கடியில் விரற்கடை கனத்தில் சாம்பல். கரிபிடித்த மூன்று அடுப்புக் கற்கள், நசுங்கிய அலுமினிய டம்ளர், குழந்தைக் கைக்கான கண்ணாடி வளையல் துண்டு. காட்டில் யார் அடுப்பு மூட்டினார்கள்? பத்தடி தள்ளி அடுத்த குழி, அங்கும் அடுப்பு. மூன்றாவதிலும். வரிசையாக வீடுகள். ஒரு தெருவே இருந்திருக்கிறது!

மறுநாள் காலையில் பால்காரம்மா சைக்கிளை நிறுத்தினார்.

"நாளையிலேருந்து சுத்தித்தான் போகணுமாண்ணே?"

அப்போதுதான் டம்ளரும் அடுப்புக் கற்களும் அவர் கண்ணில் பட்டன. சைக்கிளைச் சாய்த்துவிட்டு அருகில் வந்தார்.

"இது எங்க வரிசைண்ணே. பதினோரு வீடு. எங்கப்பா பொறந்ததே இங்கதான். உங்க தாத்தாவோட ஆளுங்க ஒரே காலையில கொளுத்தி, சாயங்காலமே ஏர் ஓட்டிட்டாங்களாம்."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையேம்மா?"

"நீங்க யாராவது கேட்டீங்களா?"

லைன்மேனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும், கேட்டதை அப்படியே நம்புகிற ஆளில்லை அவர். எந்தக் கம்பியிலும் மின்சாரம் இருக்கிறதா என்று சோதிக்காமல் கை வைத்ததில்லை.

"அடையாளம் ஏதாவது சொல்ல முடியுமா?"

"குன்றுப் பக்கம் கடைசி வீடு எங்களுது. அடுப்புக்கு இடப்பக்கம், விளிம்பு உடைஞ்ச அரைகல் இருக்கும்னு அப்பா சொல்வாரு."

தோண்டினார். ஒரு சாண் தாண்டியதும் கடப்பாரை ணங்கென்றது. அரைகல். விளிம்பு உடைந்திருந்தது.

பால்காரம்மா குனிந்து அந்த விளிம்பைத் தடவினார். பிறகு லைன்மேன் முதல் குழியில் இறங்கி, அடிமட்டத்திலிருந்து ஒரு பானை ஓட்டுத் துண்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அருங்காட்சியகத்துக்கு லைன் கொடுக்கப் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் இதே மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறார். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் என்று எழுதியிருந்தது. இந்த ஓட்டின் கழுத்தில், ஈர மண்ணில் யாரோ அழுத்திய கட்டைவிரல் தடம் ரேகையோடு அப்படியே இருந்தது. லைன்மேன் தன் விரலை அதில் வைத்தார். பொருந்தியது. அவருக்கு மயிர் சிலிர்த்தது. கடவுளும் பூதமும் செய்ததில்லை இது. பசித்து வேலை செய்த ஒரு மனிதக் கை!

"இவங்க யாருண்ணே?"

"தெரியாதும்மா. எனக்கும் முன்னாடி, உங்களுக்கும் முன்னாடி."

"அப்போ அவங்க வந்து கேட்டா ரெண்டு வீட்டாரும் மூட்டை கட்டணும்" என்று சிரித்தார் பால்காரம்மா. கண் மட்டும் கலங்கியிருந்தது.

மாலையில் அண்ணன் கம்பிச் சுருளோடு வந்தார்.

"என்னடா, புதையல் கெடைச்சுதா?"

"கெடைச்சுதுண்ணே." லைன்மேன் அளவுகோலைக் குழிச் சுவரில் நிறுத்தினார். "அஞ்சடியில மேல இருக்கிற இந்த ஒரு சாண்தான் நாம. அதுக்குக் கீழே நாம வச்ச தீ."

"யாரோ என்னமோ சொன்னா நம்பிடுவியா?"

"தோண்டிப் பார்த்துட்டுத்தான் நம்பினேன். பாதை அப்படியே இருக்கும். அந்தப் பதினோரு வீட்டு இடத்தையும் அவங்களுக்கே எழுதிக் கொடுக்கப்போறேன். என் பங்குதானே?"

அண்ணன் வாய்க்கு வந்தபடி திட்டினார். கம்பிச் சுருளை மறுபடி வண்டியில் ஏற்றினார். ஆனால் போகிற போக்கில் குழி விளிம்பில் நின்று, குனிந்து, வெகுநேரம் உள்ளே பார்த்தார்.