நாலுமூலையும் நாட்டு மானமும்

ஐம்பத்திரண்டு வயதாகியும் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலைப்பெயர் வார்டு பாய்தான். அப்படிக் கூப்பிட எல்லோருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்ததால் ‘நாலுமூலை’ என்று வைத்துவிட்டார்கள். இருபத்தாறு வருடமாகக் கட்டில் விரிப்பவர். விரிப்பின் நாலு மூலையையும் மெத்தைக்கு அடியில் அவர் செருகினால் ஈ வந்து உட்கார்ந்தாலும் வழுக்கிவிடும். நோயாளி வீட்டுக்குக் கிளம்பிய கையோடு விரிப்பை உருவி மூட்டை கட்டி, மெத்தையை இரண்டாக மடித்து, தரையை மருந்துத் தண்ணீரால் துடைத்த பிறகுதான் டீ குடிப்பார்.

இப்பேர்ப்பட்டவருக்கு வெளிநாடு போகும் யோகம் அடித்தது. தங்கை மகள் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப்போகும் வழிகாட்டி. கடைசி நேரத்தில் ஒருவர் காலை உடைத்துக்கொள்ள, “ஒரு சீட்டு சும்மா கிடக்கு, கிளம்புங்க மாமா” என்றாள். அவருடைய மச்சான், சிமெண்ட் கடைக்காரர், ஏற்கெனவே அந்தக் குழுவில் இருந்தார். மச்சான் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவில் பதில் சொல்வார்கள்.

விமானம் இறங்கி ஓட்டலுக்குப் போகும் பஸ்ஸில் அவள் மைக்கை எடுத்தாள்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. போன தடவை வந்தவங்க ரூம் கெட்டில்ல முட்டை அவிச்சிருக்காங்க. அடுத்து வந்த ஆளு அதுல டீ போட்டுக் குடிச்சிட்டு ரெண்டு நாள் சாப்பிடலையாம். இன்னொருத்தர் முகம் கழுவுற தொட்டியில காலைத் தூக்கி வெச்சு, தொட்டி சுவத்தை விட்டே வந்திருச்சு.”

“கால் சுத்தமாச்சா?” என்றார் மச்சான்.

“சிரிக்காதீங்க. மேனேஜரம்மா கறாரா சொல்லிட்டாங்க. இன்னும் ஒரே ஒரு புகார் வந்தா நம்ம நாட்டுக்காரங்களுக்கு ரூமே கிடையாதாம். என் வேலையும் அத்தோட காலி.”

எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். முட்டை என்ற ஒன்றைக் கண்ணாலேயே கண்டிராத முகங்கள். நாலுமூலை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாட்டு மானம் ஒரு பெரிய சூட்கேஸ் போல அவர் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. மேலே தூக்கி வைக்கவும் இடமில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, அதே அறையில் பக்கத்துக் கட்டிலில் தூங்கிய மச்சானின் மெத்தை குலுங்கியது.

“எந்திரி மச்சான், விரிப்பை உருவணும்.”

“அத்தான், இது ஓட்டலு. அதுக்குன்னு ஆள் இருக்காங்க.”

“அந்த ஆள் வந்து, எப்படிப் போட்டுட்டுப் போயிருக்கான் பாருன்னு சொல்லணுமா? என் தங்கச்சி மக பொழப்புடா. எந்திரி!”

விரிப்புகளை மூட்டை கட்டினார். மெத்தைகளை மடித்தார். பெட்டி, செருப்பு, பல் துலக்கும் பிரஷ் வரை எல்லாவற்றையும் அலமாரிக்குள் திணித்துப் பூட்டினார். துண்டுக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்த மருந்துப் புட்டியைத் திறந்து தரையைத் துடைத்தார். அறை, யாரும் ஒரு தும்மல்கூடப் போட்டிராத அறை ஆயிற்று. திருப்தியாக ஊர் சுற்றப் போனார்.

சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், கட்டிலுக்கு ஒருவராக ஒரு கிழவரும் கிழவியும் போர்த்திப் படுத்திருந்தார்கள். கிழவி அலறினாள். மச்சான் அதைவிடச் சத்தமாக அலறினார். நாலுமூலை மரியாதையாகக் கதவைச் சாத்தி, அறை எண்ணைச் சரிபார்த்து, மறுபடி திறந்தார். மறுபடியும் அலறல்.

மேனேஜரம்மா வந்தாள். அறை சுத்தம் செய்யும் பெண்ணும் வந்தாள். அவள் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சொன்னதைத் தங்கை மகள் மொழிபெயர்த்தாள்.

“உருவின விரிப்பு, மடிச்ச மெத்தை, மருந்து வாடை. பதினோரு வருஷத்துல ஒரு தடவைதான் இப்படிப் பாத்தாங்களாம். ஒருத்தர் ரூம்லயே செத்துப்போனப்ப. நீங்க ரெண்டு பேரும் போயிட்டீங்கன்னு நெனச்சு ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்னாங்களாம். அப்புறம் ரூம் காலின்னு கீழ சொல்லிட்டாங்க.”

“ரெண்டு பேருமா? ஒரே நாள்லயா?” என்றார் மச்சான். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மேனேஜரம்மா குறிப்பேட்டைத் திறந்தாள். நாலுமூலைக்கு மன்னிப்புக் கேட்க அந்த மொழி தெரியாது. தெரிந்த ஒன்றைச் செய்தார். வராந்தாவில் நின்ற தள்ளுவண்டியிலிருந்து விரிப்பை எடுத்துக்கொண்டு எதிரே காலியாக இருந்த அறைக்குள் நுழைந்தார். ஒரு உதறு. வெள்ளைத் துணி காற்றில் ஒரு கணம் யோசித்துவிட்டு இறங்கியது. ஒரு மூலை, இரண்டு, மூன்று, நாலு.

சுத்தம் செய்யும் பெண் கிட்டே வந்து மண்டியிட்டாள். ஒரு மூலையைப் பிரித்தாள். தானே மடித்துப் பார்த்தாள். வரவில்லை. அவர், அவள் கையைப் பிடிக்காமலே, தன் விரலால் வழி காட்டினார். வந்துவிட்டது. அவள் மேனேஜரம்மாவிடம் படபடவென்று என்னவோ சொன்னாள்.

“பதினோரு வருஷமா இந்த மூலை பிதுங்கிக்கிட்டே இருந்துச்சாம் மாமா.”

மேனேஜரம்மா பேனாவை மூடாமலே ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் நாட்டில் எல்லோரும் இப்படித்தான் கட்டில் போடுவார்களா?

தங்கை மகள் மாமாவைப் பார்த்தாள். பிறகு, தூங்கி எழுந்தால் போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளுவதோடு சரி என்று இருக்கும் மச்சானைப் பார்த்தாள்.

“எல்லாரும்தான்” என்று அந்த மொழியில் சொன்னாள். பேனா மூடிக்கொண்டது. அவர் விரித்த அறையின் சாவியே இருவருக்கும் கிடைத்தது.

கிளம்பும் நாள் காலை நாலுமூலை குளித்துவிட்டு வருவதற்குள் மச்சான் கெட்டிலில் நாலு முட்டை அவித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மேனேஜரம்மா வழியனுப்ப வந்தாள். மூக்கைச் சுருக்கினாள். நாலுமூலையின் நெஞ்சு பெல்டுக்குக் கீழே இறங்கியது. அவள் சங்கடப்பட்டுச் சொன்னதைத் தங்கை மகள் சுவரைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

“போன தடவை வந்தவங்க வாடை இன்னும் போகலையாம். உங்கள மாதிரி ஆளுங்களுக்கு இந்த ரூமைக் கொடுத்ததுக்கு மன்னிக்கச் சொல்றாங்க.”

மச்சான் வாயில் இருந்ததை விழுங்கினார். “பரவால்ல, மன்னிச்சிட்டோம்னு சொல்லும்மா.”

இரண்டு மாதம் கழித்து, வார்டில் மெத்தை மடித்துக்கொண்டிருந்தவருக்குத் தங்கை மகளிடமிருந்து போன்.

“மாமா, உங்களால மாட்டிக்கிட்டேன். இந்தக் குழுவுக்கு ரூம் பெருக்க ஆளே வரல. நம்ம நாட்டுக்காரங்களுக்கு அது மரியாதைக் குறைவாம். சாவியோட சேத்து விரிப்பையும் ஆளுக்கு ஒண்ணு மடிச்சுக் கொடுத்துட்டாங்க. எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டே கட்டில் போடுறாங்க.”

நாலுமூலை மெத்தையைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ரூம் ரூமாப் போய்ப் பாத்தியா? மூலை பிதுங்கலையே?”