பின்னலைப் பிரித்துப் பார்த்தார்கள்

கைபேசியைத் திறந்தால் போதும், முடியின் நுனி வெடிப்புக்கு வைத்தியம் சொல்ல எவளாவது ஒருத்தி வந்து நிற்கிறாள். ஏசி அறை, இடுப்பு வரை மினுமினுக்கும் முடி. "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், வாரத்துக்கு ஒருவாட்டி ஹேர் மாஸ்க் போடுங்க, வெயில்ல போகாதீங்க" என்கிறாள். வெயிலில் போகாதே என்று மரக்காணத்து உப்பளக்காரியிடம் சொல்கிறாள் பாருங்கள், அந்த வாயில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டால் என்ன என்று வரும் எனக்கு.

முடி எப்படிக் கெடுகிறது என்று எனக்கு யாரும் வீடியோ போட்டுக் காட்ட வேண்டாம். பாத்தியில் வாருகிற உப்பு ஈரமாகத்தான் கூடைக்கு வரும். தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன்மேல் கூடையைத் தூக்கிக்கொண்டு வரப்பேறினால், உப்புத் தண்ணீர் ஒழுகிச் சும்மாட்டை நனைத்து, பின்னல் வழியாக முதுகுக்கு இறங்கிவிடும். அடிக்கிற வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு மட்டும் முடியிலேயே நிற்கும். சாயங்காலம் சீப்பை வைத்தால் சரக் சரக்கென்று சத்தம் கேட்கும். முடியின் மேல்தோல் உரிந்து, உள்ளே காய்ந்து, நுனி இரண்டாகப் பிளக்கும். பிளஸ் டூ முடித்த கையோடு நான் அம்மாவுடன் அளத்துக்குப் போக ஆரம்பித்தவள். அப்பா அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார்.

இதில் எங்கள் தெருப் பெண்களின் புத்திசாலித்தனம் வேறு. எங்கள் போர்வெல்லில் வருவதும் உப்புத் தண்ணீர்தான். அதில் குளிக்கிற சோப்பு நுரைக்காது. நுரை வராவிட்டால் அழுக்குப் போகாது என்று ஒரு நம்பிக்கை. துணி சோப்பு எந்தத் தண்ணீரிலும் பொங்கிக்கொண்டு நுரைக்கும். அப்புறம் என்ன, புடவைக்குப் போடுகிற கட்டியையே மண்டைக்கும் போட்டுத் தேய்ப்பார்கள். உப்பு மிச்சம் வைத்த கொஞ்சநஞ்சப் பசையையும் அது உருவி எடுத்துவிடும்.

அந்த நேரத்தில்தான் திண்டிவனத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு எலக்ட்ரிக் கடை. போட்டோவில் அவர் மூஞ்சியை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கிய மின்விசிறிகளைத்தான் பார்த்தேன். நிழலில் உட்கார்ந்து சோறு தின்னலாம்! அளத்தை விட்டு வெளியே போக எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டும், கண்டிப்பாக வேண்டும். பெண் வீட்டோடு இருக்கிறாள், தையல் கற்றுக்கொள்கிறாள் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

அவர்கள் வருகிற அன்று காலையில் அம்மா துணி சோப்பைப் போட்டு என் தலையை நன்றாகத் தேய்த்துவிட்டாள். காய்ந்ததும் முடி தேங்காய் நாராட்டம் எழுந்து நின்றது.

"இன்னா முடிடி இது, அடங்கவே மாட்டேங்குது" என்றவள், என்னை பெஞ்சில் தலைசாய்க்கச் சொல்லி, முடியைப் பரப்பி, ஈரத் துண்டைப் போட்டு, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். புஸ்ஸென்று ஆவி வந்தது. பின்னாலேயே தீய்ந்த வாடையும் வந்தது. பதறிப்போய் எண்ணெயைத் தடவி, இறுக்கிப் பின்னி, வாடை தெரியாமல் இருக்க மல்லிப்பூவைச் சுற்றிச் சுற்றி வைத்தாள். அந்தப் பூவை நம்பித்தான் நான் போய் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையோடு அவருடைய அம்மாவும் சித்தியும் வந்திருந்தார்கள். சித்தி புதுச்சேரியில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். எங்கள் நேரத்தைப் பாருங்கள்! பஜ்ஜியைத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள்.

"சவுரி வெச்சிருக்குதான்னு பாக்குறது எங்க வழக்கம். தப்பா நெனச்சிக்காதீங்க."

பூவை உருவி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பின்னலை நுனியிலிருந்து மேல்வரை பிரித்தாள். மோந்து பார்த்தாள். ஒரு முடியைப் பிடுங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.

"அக்கா, சவுரி இல்ல. ஆனா முடி செத்துப் போயிருக்குது. இங்க பாரு, ரெண்டா பொளந்து நிக்குது. ஏம்மா, அளத்துக்குப் போறியா?"

"அய்யோ, இல்லீங்க. கடல் காத்துங்க, அதான்" என்றாள் அம்மா, முந்தானை முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு.

"காத்துல இப்படி ஆவாது. எங்க, உங்க முக்காட்ட எடுங்க."

அம்மா எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவே எழுந்து வந்து, ஏதோ தூசியைத் தட்டுகிற மாதிரி, அம்மாவின் முந்தானையைத் தலையிலிருந்து இழுத்தாள். காலமெல்லாம் கூடை உட்கார்ந்த இடம், நடு மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. மாப்பிள்ளை செல்போனிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதை நான் பார்த்தேன். அவன் கடை ஃபேனெல்லாம் அவன் தலையிலேயே விழ!

அம்மா முந்தானையைத் திரும்பப் போட்டுக்கொள்ளக் கூட இல்லை. "பொய் சொன்னது தப்புதாங்க. பொண்ணு நல்ல பொண்ணுங்க" என்றாள்.

அக்காளும் தங்கையும் வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். சித்திதான் பேசினாள்.

"பொளந்தது ஒட்டாதும்மா. எந்த எண்ணெய் வெச்சாலும் ஒட்டாது. வெட்டித்தான் ஆவணும், இல்லன்னா பொளவு மேல ஏறிக்கினே போவும். முடிய நான் வெட்டி சரி பண்ணிடுறேன்."

பிறகு மாப்பிள்ளையின் அம்மா சொன்னாள்: "பொண்ண எடுத்துக்குறோம். ஆனா எங்க சைடுல நாலு பேரு வந்து போற வீடு. இந்தத் தலைய வெச்சிக்கினு நீங்க கல்யாணத்துல முன்னாடி நிக்க வேணாம். அப்புறமும் போக்குவரத்து வேணாம். அவளும் இங்க வர மாட்டா."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "சரிங்க."

யோசிக்கக்கூட இல்லை அவள். எனக்கு அவர்கள்மேல் வந்த ஆத்திரத்தைவிட அவள்மேல் வந்த ஆத்திரம்தான் பெரிது.

"எனக்கு வேணாம். எழுந்து போங்க" என்றேன்.

அம்மா அவர்கள் எதிரிலேயே என்னைப் பளாரென்று அறைந்தாள். அப்படி ஒரு அறையை நான் அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை. அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கார் ஏறிப் போனார்கள். கதவைச் சாத்திவிட்டு அம்மா கத்தினாள். "பாவி, என்னத் தள்ளிட்டுப் போயிருந்தா நீ ஒருத்தியாச்சும் தப்பிச்சிருப்பியேடி!"

சாயங்காலம் கத்தரிக்கோலோடு வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். நுனியைத்தான் வெட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கழுத்தோடு வைத்து நறுக்கினாள். மடியில் விழுந்ததையெல்லாம் ஒன்றுசேர்த்து அள்ளியவள், என் பிடரியில் கை வைத்துக்கொண்டு அழுதாள்.

"இனிமே எவ வந்து பிரிச்சுப் பாக்குறான்னு பாக்குறேன்" என்றாள்.