மொட்டையும் வளைகோடும்

அப்பா இறந்து பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்த மறுநாளே சித்தப்பா என்னை நாகர்கோவில் பள்ளிக்கூடத்துக்குத் துரத்திவிட்டார். அப்போது நான் ஐந்தாம் பாரம், இப்போதைய பத்தாம் வகுப்பு. வீட்டில் இருந்து என்ன செய்யப் போகிறான் என்பது அவர் கட்சி. அதுவரை நான் அழவில்லை. கொள்ளி வைத்தபோதும் அழவில்லை. “பயலுக்கு கல்லு மனசு” என்று சாவுத் துட்டி கேட்க வந்த பெண்கள் என் காதுபடவே சொன்னார்கள். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். எனக்கே என்மேல் பயமாக இருந்தது.

அம்மையைப் பார்க்காமலே கிளம்பினேன். முந்தின நாள் நான் குளக்கரையில் ஆண்களோடு எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தபோது பெண்கள் அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். காலையிலும் கதவு சாத்தியே இருந்தது.

வகுப்பில் பக்கத்தில் இருந்தவன், “எந்தக் கோயில்லலே மொட்டை போட்ட? செந்தூரா?” என்றான்.

“அப்பாவுக்கு” என்றேன்.

கணக்கு சார் கரும்பலகையின் ஒரு பக்கம் இருபடிக் கோவைகளை எழுதினார். நடுவில் அவற்றையே காரணிகளாகப் பிரித்து, வரிசையைக் கலைத்துப் போட்டார். மறுபக்கம் கட்டம் கிழித்து வளைகோடுகள் வரைந்தார். எதற்கு எது சொந்தம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

“வேஷத்தைப் பாத்து ஏமாறாதீங்கலே. உள்ள இருக்கது ஒரே ஆளுதான்” என்றார். யாரும் கை தூக்கவில்லை. என்னை எழுப்பினார்.

ஒரு வளைகோடு ஒன்றிலும் மூன்றிலும் படுக்கைக் கோட்டை வெட்டியது. அப்படியானால் காரணிகள் எக்ஸ் கழித்தல் ஒன்று, எக்ஸ் கழித்தல் மூன்று. பெருக்கிப் பார்த்தால் இடப்பக்கத்து முதல் கோவை. மூன்றையும் கோடு போட்டுச் சேர்த்தேன். மற்றவற்றையும் சேர்த்தேன். ஒன்றும் தப்பவில்லை. சார் முதுகில் தட்டிக்கொடுத்தார். அழுகை மாதிரியே சந்தோஷமும் வரவில்லை. சாக்பீஸ் தூளை வேட்டியில் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் புறவாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன். கிணற்றடியில் வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி எனக்கு முதுகு காட்டித் தண்ணீர் கோரிக்கொண்டிருந்தாள். காதிலும் ஒன்றுமில்லை, கழுத்திலும் ஒன்றுமில்லை. இன்னும் ஊருக்குத் திரும்பாத சொந்தக்காரி யாரோ என்று நினைத்தேன். எனக்கு நல்ல பசி.

“அம்மை எங்க?” என்று அவளிடம் கேட்டேன்.

கயிற்றை விடாமல் திரும்பினாள். நெற்றியும் வெறுமையாக இருந்தது.

“நாந்தாம் மக்கா” என்றாள்.

கொள்ளி வைத்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.