எதிர்வீட்டிலும் ஒரு போன்

வாரத்துக்கு இரண்டு முறையாவது யாரோ ஒரு பெண் எனக்குப் போன் செய்து, நம்பரை மாற்றாமலே தங்கள் கம்பெனிக்கு வந்துவிடும்படி கெஞ்சுகிறாள். வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாமல் மறுநாளும் கூப்பிடுகிறாள். நாட்டில் போன் கம்பெனிகளுக்குள் போட்டி முற்றிவிட்டது என்று பேப்பரில் எழுதுகிறார்கள். எனக்கு இது புதிதில்லை. எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலையில், எங்கள் தெருவில், இரண்டே கம்பெனிகளுக்குள் நடந்த போட்டியில் நான் நேரடியாக இறங்கியவன். ஒரு கம்பெனி எங்கள் வீடு. இன்னொன்று எதிர்வீடு. அதில் நான் செய்த காரியத்துக்கு ஒரு வாரம் முழுக்க ஜெயிலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். மண்டிக்கென்று வாங்கிய போன், அங்கே எலி ஒயரைக் கடித்துவிடும் என்பதால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரமாகக் குடியேறியது. மூன்றே இலக்க நம்பர். சுழற்றுவதற்குச் சக்கரம்கூடக் கிடையாது. எடுத்தால் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒருவர் என்ன நம்பர் வேண்டும் என்று கேட்பார். தெரு முழுக்க அது ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகைகளில் எங்கள் நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடிப்பார்கள். போன் நம்முடையதில்லை, கூப்பிட்டால் ஆளை அழைத்து வருவார்கள் என்று அதற்கு அர்த்தம். அழைத்து வருகிறவன் நான். பத்து வயதில் எனக்கிருந்த செல்வாக்கு அப்புறம் எந்த வயதிலும் வரவில்லை. கில்லி விளையாட்டில் என்னை அவுட் என்று சொல்ல ஒருவனுக்கும் தைரியம் கிடையாது. அவன் வீட்டுக்குப் போன் வந்தால் நான் மெதுவாக நடந்து போவேன், அவ்வளவுதான்.

இந்த நிலையில் ஒருநாள் லைன்மேன் ஏணியோடு வந்து எதிர்வீட்டுச் சுவரில் சாத்தினார். எதிர்வீட்டு மாமா எந்தக் காலத்திலோ எழுதிப் போட்டிருந்தாராம். பெரிய பெண் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது கேட்ட போன், அவள் காலேஜ் போகும்போது வந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவரோ, "வரட்டுமே. நமக்கும் தொல்லை கம்மிதானே" என்று மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். ஆபத்தை உணர்ந்தவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

அவர்கள் போனை உள்ளறையில் வைத்தார்கள். மேலே ஃபேன். கீழே குஷன் வைத்த நாற்காலி. எங்கள் கூடத்தில் ஃபேன் இல்லை. உட்கார வேண்டுமென்றால் ஒரு முக்காலி, அதுவும் ஒரு கால் ஆடும். தையல்காரர் அந்தப் பக்கம் போனார். வாத்தியார் வீடு போனது. போன் பேச வருகிறவர்களுக்கு நாம் காப்பி கொடுக்கலாம் என்று அம்மாவிடம் யோசனை சொன்னேன்.

"காப்பி போட்டுக் குடுத்துட்டு, அப்படியே காலும் அமுக்கி விடட்டுமா?" என்றாள் அம்மா.

அடுத்துப் போனது கோடிவீட்டு அக்கா. அதுதான் பேரிடி.

அக்காவின் வீட்டுக்காரர் பரோடாவில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அக்கா இங்கே மாமியாரோடு இருந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து டிரங்க் கால் வரும். மூன்று நிமிஷம். அக்கா கூடத்தின் நடுவில் நின்று பேச, சுற்றிலும் அவள் மாமியார், என் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டு என் அத்தை, காதைத் தீட்டிக்கொண்டு நான். "சாப்டீங்களா? நல்லா இருக்கீங்களா? நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க சாப்டீங்களா?" என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்துவாள். மூன்று நிமிஷமும் இதேதான். அவள் போனதும் நான் கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு அதே குரலில் சாப்டீங்களா சொல்வேன். கூடமே உருண்டு சிரிக்கும். ஒருமுறை, மறந்து வைத்த பையை எடுக்கத் திரும்பி வந்த அக்கா வாசற்படியில் நின்று இதைப் பார்த்துவிட்டாள். அவளும் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மாதம் வரவேண்டிய போன் சாதாரணமானதில்லை. கம்பெனியில் குவார்ட்டர்ஸ் கொடுக்கப்போகிறார்கள். அவருக்குக் கிடைத்தால் அக்கா பரோடா போகலாம். கிடைக்காவிட்டால் இங்கேயேதான், எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர்கள் சேர்ந்திருந்தது லீவு நாட்களில் மட்டும்தான்.

முதல் ஞாயிறு காலை, அக்கா எங்கள் வாசலைத் தாண்டி எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள். புது நம்பரைக் கடிதத்தில் எழுதிப் போட்டிருக்கிறாளாம். அவள் செருப்பு அந்தப் படியில் கிடப்பதை ஜன்னல் வழியே வெறித்துக்கொண்டிருந்தேன்.

சரியாகப் பத்து மணிக்கு மணி அடித்தது. எங்கள் போனில். கடிதம் போய்ச் சேரவில்லை போலும்.

எடுத்தேன். எக்ஸ்சேஞ்ச்காரர் அக்காவின் பெயரைச் சொல்லி, "பரோடாலேர்ந்து கால். அவங்க இருக்காங்களா?" என்றார்.

தெருவைத் தாண்டப் பத்து எட்டுதான் வைக்க வேண்டும். ஜன்னலில் குரல் கொடுத்திருந்தால்கூடப் போதும்.

"அவங்க இங்க இல்லீங்க" என்றேன்.

யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தூரத்தில் ஓர் ஆண்குரல் ஹலோ, ஹலோ என்றது. அப்புறம் லைன் போய்விட்டது.

அக்கா மத்தியானம் வரை காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சாயந்திரம் அவள் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து, "கெடைக்கலைன்னு எப்படிச் சொல்றதுன்னு கூப்புடாம இருந்துட்டான் போல. பாவம், சாப்பிடாம படுத்துனு இருக்கறா" என்றாள். அத்தோடு என் நிம்மதி தொலைந்தது.

போனில் பேசுவதையெல்லாம் டெல்லியில் ஒருவர் எழுதி வைக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொல்லியிருந்தான். லைன்மேன் கம்பத்தில் ஏறினால் என்னைத்தான் தேடுகிறார் என்று கட்டிலுக்கு அடியில் போனேன். காக்கிச் சட்டையில் யார் வந்தாலும் காய்ச்சல் வந்தது. அந்த வாரம் தபால்காரர், பஸ் கண்டக்டர், ஆட்டோக்காரர் மூவருக்குமாக மூன்று முறை வந்தது. அண்ணாமலையாரிடம், மாட்டிவிடாமல் காப்பாற்றினால் மலையைச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டேன். தூரத்தை நினைத்ததும் கால் வலித்ததால், அடி அண்ணாமலை வரை போய் அப்படியே திரும்பிவிடுகிறேன் என்று பேரத்தைக் குறைத்தேன். அடி அண்ணாமலை மலைக்கு நேர் பின்னால் இருக்கிறது, போய்த் திரும்பினாலும் அதே தூரம்தான் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. சாமியும் சும்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்காவை மட்டும் நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. குழாயடியில் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு எதிர்வீட்டில் மணி அடித்தது. அந்த வீட்டு மாமி கூப்பிட, அக்கா ஓடி வந்தாள். நான் மாட்டிக்கொள்ளப்போவது எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள, சந்துக்குள் போய் உள்ளறை ஜன்னலில் தொங்கினேன்.

மாமி அக்காவை உள்ளே விட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. என்னவோ மெதுவாகச் சொன்னாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்; நூறு தாண்டியும் பேசவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். யாருமில்லாத சுவரைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடியும் சும்மா இருந்தாள்.

வெளியே வந்தவள் மாமியிடம், "குவார்ட்டர்ஸ் கெடச்சிடுச்சாம். ஆவணியில வந்து கூட்டிட்டுப் போறாராம்" என்றாள். சந்திலிருந்து நழுவப் பார்த்த என்னையும் பார்த்துவிட்டாள்.

"போன வாரம் எடுத்தது நீதானே? கொரலை வெச்சே அவரு கண்டுபுடிச்சிட்டாரு."

அவள் என் தலையில் கையை வைத்து லேசாகத் தள்ளி, "போடா" என்றாள். அவ்வளவுதான். ஜெயில் இல்லை, டெல்லி இல்லை.

பயம் போனதும் வியாபார மூளை வேலை செய்தது. குவார்ட்டர்ஸ் கிடைத்ததைச் சொல்லப் பத்து செகண்டு போதும். மீதி நேரமெல்லாம் லைன் செத்துத்தான் கிடந்திருக்க வேண்டும். எங்கள் போனில் ஒரு செகண்டாவது அப்படி வீணானதுண்டா? ஒரே ஓட்டமாக அடுப்படிக்கு ஓடி, "அம்மா, எதிர்வீட்டு லைன் சரியில்லம்மா. அக்கா போனைப் புடிச்சிக்கினு சும்மாவே உக்காந்திருந்தாங்க. பாவம், ஒண்ணுமே கேக்கல போல" என்றேன். தெரு முழுக்கச் சொன்னால் எல்லாரும் திரும்ப நம்மிடமே வந்துவிடுவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

எப்போதும் என் நடிப்புக்கு முதல் ஆளாகச் சிரிக்கிற அம்மா சிரிக்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். "யாராச்சும் கேட்டா, அங்கயே போய்ப் பேசச் சொல்லு."

எதிரியின் பழுதை மறைத்து, நம் வாடிக்கையாளரையும் அவனிடமே அனுப்பி வைப்பது என்ன வியாபாரம் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குச் சாமர்த்தியம் பத்தாது என்று முடிவு செய்துகொண்டு, அப்பாவிடம் ஃபேன் கேட்கப் போனேன்.