சரோஜா அக்கா பாஸ் பண்ணாத கூடை

சனிக்கிழமை காலை முனிராஜ் அண்ணன் போன் செய்தபோது, மறுநாள் பிரியாணிக்கு எத்தனை பேர் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். எடுத்த எடுப்பிலேயே, "அண்ணா, இந்த வாரமாவது எங்கள நிம்மதியா தூங்க விடச் சொல்லுங்க அக்காட்ட" என்றேன். "உங்க அக்கா போயிட்டாம்மா. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்றார்.

சரோஜா அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓசூரில் நம் தொழிற்சாலையில் பொருள்களின் கடைசிப் பரிசோதனை அவர் கையில் இருந்தது. மூன்று மாநில எல்லையிலுள்ள வேப்பனப்பள்ளிக்காரர், தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் சமாதானம் செய்வார். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த எங்களுக்குக் கீழ் வீட்டில்தான் அவரும் அவர் கணவர் முனிராஜ் அண்ணனும் குடியிருந்தார்கள். உங்களுக்கு அவர் வேலை நாளோடு முடிந்துவிடுவார். எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் அவரே வாய்த்தார்.

"ரெஸ்ட்டு எடுக்கலாம்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் ஒயர் உருண்டைகளோடு மாடியேறி வருவார். அன்று இரண்டு வீட்டிலும் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. மதியத்துக்குத் தொன்னை பிரியாணி பார்சல். அது வரும்வரை எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஒயர் கூடை பின்ன வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துவந்த என் கணவர் கையிலும் ஒயரைத் திணிப்பார். அவர் தூக்கக் கலக்கத்தில் கெஞ்சினால், "தூங்கினா அது தூக்கம்ப்பா. ரெஸ்ட்டு வேற" என்பார்.

பின்னுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பார்சல் வந்த பிறகுதான் உண்மையான தொல்லை. பின்னிய கூடையைத் தரையில் வைத்து, அதற்குள் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய ஒரு டம்ளரை வைப்பார். ஒரு பக்கம் தண்ணீர் வழிந்தால் கூடையின் அடி கோணல் என்று அர்த்தம். "பிரிம்மா, மறுபடியும் போடு" என்பார். எல்லோருடைய கூடையும் பாஸ் ஆகாமல் ஒருவரும் பார்சலைத் தொடக் கூடாது. என் மகள் கயல் பாஸாகிவிடுவாள். நான் ஒரு முடிச்சை இழுத்துப் போட்டால் அடுத்ததைத் தளர விடுகிறவள். என்னால் எத்தனை பிரியாணி ஆறிப்போனது என்று என் கணவர் இன்றும் சொல்லிக்காட்டுவார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "அக்கா, இது கம்பெனி இல்ல. தக்காளி வாங்கப் போற கூடை" என்று கத்திவிட்டேன். அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அதுக்கு? தக்காளின்னா கோணலா வெச்சுக்கலாமா?" என்றார்.

கடைசியாக அவர் வந்த ஞாயிற்றுக்கிழமை, என் பச்சை மஞ்சள் கூடை திரும்பத் திரும்பத் தோற்றது. "நீங்களே வச்சுக்கோங்க" என்று அவர் மடியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். அக்கா சிரித்துக்கொண்டே அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "எங்க போயிடப் போற? அடுத்த வாரம் பிரிக்கலாம்" என்றார். பாதியில் விட யாரையும் அனுமதிக்காத மனுஷி, தான் மட்டும் பாதியில் கிளம்பிவிட்டார். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, முனிராஜ் அண்ணன் பிரியாணி பார்சலோடு மாடிக்கு வந்தார். இன்னொரு கையில் என் கூடை. "வீட்ல தனியா ஒக்கார முடியலம்மா" என்றார். கூடையைக் கீழே வைத்து, அக்கா செய்வதைப் போலவே டம்ளரில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது.

"கை நடுக்கத்துல சிந்திடுச்சு. பாஸ்னு வெச்சுக்கலாம்மா" என்றார். கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் பார்சலின் நூலை அவிழ்க்கப் போனார்.

"பார்சலைத் தொடாதீங்க" என்றேன். யாரோ பேசுவதைப் போல இருந்தது.

அக்கா எனக்கு விட்டுப்போனது இந்தப் பிடுங்கல் ஒன்றுதான். டம்ளரை எடுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, கூடையை மடியில் கவிழ்த்து, அடியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தேன்.